நான்கெல்லை இல்லாத பத்திரம்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியும் ஒரு நாள் அவர் காதுக்குப் போகும், போன மறுநிமிஷம் எனக்குப் போன் வரும். "என்னைப் பத்தி எழுத எங்கிட்ட கேட்டீங்களா தம்பி? கேட்டிருந்தா கையெழுத்து எங்க?" என்பார். ஆகவே அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் எதிரெதிரே இரண்டு கடைகள். ஒன்று என்னுடையது, ஒன்று அக்காவுடையது. இரண்டிலும் ஒரே தொழில், பிளெக்ஸ் பேனர் டிசைன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கடைசியாகக் கண்ணீர் அஞ்சலி. ஒரு மனிதர் வாழ்நாளில் எத்தனை தடவை தெருமுனையில் இருபதடி உயரத்துக்கு நிற்க வேண்டியிருக்கிறதோ, அத்தனைக்கும் எங்களிடம்தான் வரவேண்டும். பீரோவும் காலண்டரும் பின்னால் தெரிகிற மாதிரி வீட்டில் எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பீரோவை வெட்டி எறிந்துவிட்டு ஆளை மட்டும் பூ வளைவுக்குள் நிறுத்திக் கொடுப்போம். அச்சடிப்பது வேறிடம்.

அக்காவைப் பற்றி ஒரு வரியில் சொல்வதென்றால், படிக்காமல் எதற்கும் சம்மதம் சொல்லமாட்டார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பார். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை விரித்துப் படிப்பார். ஜவுளிக் கடைப் பையின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பார். துறையூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினைந்து வருஷம் டைப் அடித்தவர். விற்கிறவரும் வாங்குகிறவரும் வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர்கள் இருவருக்கும் சேர்த்துப் பத்திரத்தைப் படித்தவர் அக்காதான்.

அந்த எழுத்தர் இறந்தபின் அலுவலகம் மூடிவிட்டது. கையிலிருந்த சேமிப்பில் கம்ப்யூட்டர் வாங்கினார், டிசைன் கற்றுக்கொண்டார், உப்பிலியபுரத்தில் தம்பி வீட்டில் அம்மாவை விட்டுவிட்டு ஸ்ரீரங்கம் வந்து தனியாகக் கடை போட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "கடை ஓடுற வரைக்கும் நான் இங்க. ஓடலன்னா தம்பி பொண்டாட்டி கையால சோறு. அது எனக்கும் நல்லதில்ல, அந்தப் புள்ளைக்கும் நல்லதில்ல" என்று முதல் வாரமே என்னிடம் சொன்னார். போட்டிக் கடைக்காரனிடம் சொல்கிற விஷயமா இது என்று நினைத்துக்கொண்டேன்.

தன் கதையைச் சொன்ன கையோடு என் கதையையும் கேட்டார். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, சம்சாரம் அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறதாமே, ஏதாவது மனஸ்தாபமா. வாயால் விசாரிப்பது எதுவும் அவர் கணக்கில் அடுத்தவர் அந்தரங்கத்தில் தலையிடுவதாகாது. போட்டோ மட்டும் வேறு. போட்டோ என்று வந்துவிட்டால் அக்காவின் முகமே மாறிவிடும்.

அவர் கம்ப்யூட்டரின் கேமரா மேல் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். வாடிக்கையாளர் படத்தைத் திறக்குமுன் சுவரிலிருந்து இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிடுவார். வாட்ஸ்அப்பில் படம் வாங்கமாட்டார். பென் டிரைவில் போட்டு நேரில் கொண்டுவர வேண்டும். திருவெள்ளறையிலிருந்து ஒருவர் அதற்காகவே பஸ் ஏறி வந்தார். வந்தவர் எதிரே என் கடையில் ஒருவர் போனிலிருந்தே படத்தை அனுப்பிவிட்டு டீ குடிப்பதைப் பார்த்தார். அடுத்த தடவை அவர் அக்கா கடைப் படி ஏறவில்லை.

இதெல்லாம் முற்றியது எங்கள் இருவருடைய போட்டோ எடிட்டிங் சாப்ட்வேரும் ஒரே வாரத்தில் செத்துப்போனபோதுதான். இருவருமே வைத்திருந்தது திருட்டுக் காப்பி. திருச்சியில் ஒருவர் பத்து வருஷத்துக்கு முன் சி.டி.யில் போட்டுக் கொடுத்தது. கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, இதை இனி ஏற்கமாட்டேன் என்றுவிட்டது. நான் அன்று மதியமே இணையத்தில் ஓசியில் கிடைக்கிற ஒரு எடிட்டருக்கு மாறிவிட்டேன். படத்தை ஏற்றினால் ஒரு நொடியில் பீரோவைத் தூக்கிவிட்டு ஆளை மட்டும் கொடுத்துவிடும். அக்கா மாற ஆறு வாரம் ஆனது. அவர் பெண் பார்க்கிற மாதிரி சாப்ட்வேர் பார்த்தார்.

முதலில் பார்த்தது எல்லோரும் பயன்படுத்துகிற பெரிய கம்பெனியுடையது. மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், கடை வாடகையில் கால்வாசி ஆகும். பணத்தைக்கூட யோசித்துப் பார்த்திருப்பார். படங்களின் ஒரு காப்பி தானாகவே கம்பெனியின் கிடங்கிலும் போய் உட்காரும் என்று படித்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "வாடகை குடுத்துக் குடியிருக்கறது சரிங்க. நம்ம சாமான அவன் வீட்டுல வைக்கணும்னா எப்படிங்க?" என்றார்.

அடுத்து, ஒரே தடவை பணம் கட்டி வாங்குகிற ஒன்று. விலையும் படியும், படமும் வெளியே போகாது. எனக்கே பொறாமையாக இருந்தது. ஆனால் வாங்குகிற பக்கத்தில் பிறந்த தேதி கேட்டது. "போட்டோ வெட்டறதுக்கு நான் பொறந்த தேதி எதுக்கு? ஜாதகமா பாக்கப்போறான்?" என்று அக்கா அந்தப் பக்கத்தை மூடினார். ஏதாவது ஒரு தேதியைப் போடுங்கள் என்றேன். பொய்த் தேதி போட்டுப் பத்திரம் பதிந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று மூன்று கதை சொன்னார்.

பிறகுதான் என்னுடைய ஓசி எடிட்டர் பக்கம் திரும்பினார். அதன் நிபந்தனைகளை முப்பத்தொரு பக்கம் அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு என் கடைக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதப் படிச்சீங்களா தம்பி?"

"ஓகே குடுத்தாத்தான் உள்ள விடுதுக்கா. குடுத்தேன்."

"ஏழாம் பக்கம் கேளுங்க." அக்கா ஆங்கிலத்தைப் பார்த்துப் பத்திரத் தமிழில் வாசித்தார். "ஏற்றப்படும் படங்களை உலகெங்கும், காலவரையறையின்றி, திரும்பப் பெற இயலாதபடி, கிரயத் தொகை ஏதுமின்றி, பிறருக்கும் மாற்றிக் கொடுக்கும் பாத்தியதையோடு பயன்படுத்திக்கொள்ள... புரியுதா? புத்திர பௌத்திர பாரம்பரியமா, சர்வ சுதந்திரமா ஆண்டு அனுபவிச்சுக்கன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"எதைக்கா?"

"நேத்து துறையூர்லேருந்து மஞ்சள் நீராட்டுக்கு வந்துச்சே ஒரு பொண்ணு படம், அது மொகத்த. கால் சென்ட் மண்ணுன்னாலும் நாலெல்லை போடுவோம் தம்பி. வடக்கே இன்னாரு வயல், தெற்கே வாய்க்கால்னு. இதுல எல்லையே இல்ல. உலகெங்கும்னு போட்டிருக்கான்."

நான் சிரித்துவிட்டேன். "அக்கா, அந்தப் பொண்ணு நாளைக்குக் காலையில துறையூர் பஸ் ஸ்டாண்டுல இருபதடிக்கு நிக்கப்போகுது. அதுக்குப் போய் என்னங்க ரகசியம்?"

அக்கா கோபப்படவில்லை. பேனாவை மூடினார். "பேனரப் பாக்கறவன் நின்னு பாத்தான்னா, இன்னார் வீட்டுப் பொண்ணு, இன்னார் பேத்தின்னு தெரிஞ்சு பாப்பான். தப்பாப் பாத்தா அடிக்க ஆளிருக்கு. மூணு நாள்ல அவங்க மாமனே ஏறிக் கழட்டிடுவாரு. இதைக் கழட்ட யாரக் கூப்பிடுவீங்க?"

வாடிக்கையாளர் வந்துவிட்டதாகப் பாவனை செய்துகொண்டு எழுந்தேன்.

கடைசியில் அக்கா தேர்ந்தெடுத்தது, யாரோ சிலர் சம்பளம் இல்லாமல் எழுதி உலகத்துக்கு இலவசமாக விட்டிருக்கிற ஒரு சாப்ட்வேர். கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்துகொள்ளும், இன்டர்நெட் கேட்காது. ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒரு பகல் முழுக்க ஓட்டிப் பார்த்து, அது ஒரு தடவைகூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார். "சும்மா குடுக்கறவன் படம் கேக்கல, பிறந்த நாள் கேக்கல. அதிசயமா இருக்குல்ல?" என்று அன்று எனக்கும் சேர்த்து டீ வாங்கினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

சந்தோஷம் முதல் ஜடையோடு போயிற்று. மஞ்சள் நீராட்டுப் பெண்ணென்றால் ஜடை நாகம், மல்லிகைப்பூ, காதோரம் சுருண்ட மயிர் எல்லாம் இருக்கும். அதை அந்த சாப்ட்வேரில் புள்ளி புள்ளியாக வைத்து வெட்ட அக்காவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். என் கடையில் ஒரு நொடி. வெட்டி முடித்தால் அவருடையது என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேனரைப் பார்க்கிறவர்கள் பஸ்ஸில் போகிறவர்கள். காதோர மயிரை யார் பார்த்தார்கள்?

போதாக்குறைக்கு, ஒரு விதி வைத்திருந்தார். வேலை முடிந்து முப்பதாம் நாள் வாடிக்கையாளர் படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுவார். அழித்ததைப் போன் செய்து தெரிவிப்பார். சித்திரை வீதியிலிருந்து சஷ்டியப்த பூர்த்திக்குப் பேனர் போட்ட ஒரு பெரியவருக்கும் அப்படித்தான் சொன்னார். "மாமா, உங்க ரெண்டு பேரையும் அழிச்சிட்டேங்க" என்று.

அந்தப் பெரியவர் மறுநாள் காலை கோயிலிலிருந்து நேரே கடைக்கு வந்துவிட்டார். "ஏம்மா, தம்பதியாப் பெருமாளைச் சேவிச்சுண்டு நூறு வயசு இருக்கணும்னு எல்லாரும் ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிருக்கா. நீ அழிச்சுட்டேன்னு போன் பண்றியே, ஆத்துல அவ நேத்துலேருந்து சாப்பிடலை" என்றார். அக்கா முப்பது நாள் விதியை எடுத்துச் சொன்னார். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "க்ஷேமமா இரு" என்று சொல்லிப் போனார். அதன்பிறகு அக்கா "அழிச்சிட்டேன்" என்று சொல்வதில்லை, "எடுத்துட்டேன்" என்பார். போன் செய்வதை மட்டும் விடவில்லை.

ஏழாம் பக்கத்தைப் பற்றி அக்கா சொன்னது சரி என்று எனக்கு நிரூபணமும் கிடைத்தது. அது எனக்கு எப்படிப் பலித்தது என்பதுதான் வேடிக்கை. என் எடிட்டரில் வழுக்கைத் தலைக்கு முடி வைத்துப் பார்க்கிற வசதி ஒன்று உண்டு. ஆடி மாதம் வேலையில்லாத ஒரு மத்தியானம் என் படத்தையே போட்டுப் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து சிங்கப்பூரில் இருக்கிற என் மச்சினன் ஒரு விளம்பரத்தைப் படம் பிடித்து அனுப்பினான். இடப்பக்கம் 'முன்', வலப்பக்கம் 'பின்'. இரண்டும் நான். "மாமா, விளம்பரத்துல நடிக்கிறீங்களா? சொல்லவே இல்ல" என்று கேட்டிருந்தான்.

அக்காவிடம் காட்டினேன். "பதினாலாம் பக்கம், கீழேருந்து மூணாவது வரி" என்றார், யோசிக்காமல். பிறகு, "காசு குடுத்தானா?" என்றார்.

"இல்லக்கா."

"ரெண்டு தலைக்கும் சேத்துக் கேட்டிருக்கலாம்ல."

நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது. விளம்பரத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கடை வாசலில் ஒட்டினேன். சிங்கப்பூர் வரை போன டிசைனர் என்று பேச்சு பரவி, மண்ணச்சநல்லூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. அக்கா தினம் காலையில் தன் கடை வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது என் இரண்டு தலைகளையும் பார்த்துக்கொண்டே தெளிப்பார்.

புரட்டாசி வந்தபோது அவர் கடையில் வாரத்துக்கு ஒரு வேலை இருந்தால் பெரிது. "தை வரைக்கும் பாப்பேன் தம்பி. முகூர்த்தம் ஆரம்பிச்சும் வரலன்னா ஊருக்குப் போயிருவேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். தம்பி மனைவி கைச்சோறு என்று முன்பு சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. என் கணக்கின் பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினேன். "இதுலயே நீங்களும் போட்டுக்குங்கக்கா. ஓகே குடுத்தது நான். பாவம் எனக்கு" என்றேன். அவர் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, பாஸ்வேர்டை இப்படி எழுதித் தரக்கூடாது என்று கிழித்துப் போட்டார்.

ஐப்பசியில் அவருக்கு ஒரு நல்ல ஆர்டர் வந்தது. துறையூர்ப் பக்கத்துப் பெரிய குடும்பம், மஞ்சள் நீராட்டு. பெண்ணைச் சுற்றித் தாய்மாமன்கள், ஒன்றுவிட்ட மாமன்கள் என்று பதினெட்டு முகம். ஒருவரை விட்டாலும் சீர் வராது. விசேஷத்துக்கு முதல் நாள் காலையில் படம் வந்தது, சாயங்காலம் டிசைன் வேண்டும். அக்கா மதியம் வரை குனிந்த தலை நிமிரவில்லை. என் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு எழுந்தார். பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கி, பாதி ரோடு வந்தார். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது. அவர் அங்கேயே நின்றார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் குடும்பத்திலிருந்தே எனக்குப் போன் வந்தது. அந்த அம்மா முடியாது என்று சொல்லி உங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள் என்றார்கள். பின்னாலேயே அக்கா வந்து பென் டிரைவை மேஜையில் வைத்தார்.

"பொண்ணையும் ஆறு மாமனையும் நான் வெட்டிட்டேன். மிச்சம் பன்னெண்டு. நீங்க வேகமான ஆளு. இதை மட்டும் கையாலயே வெட்டுங்களேன் தம்பி. என்னை நம்பிக் குடுத்தது."

"சரிங்கக்கா" என்றேன்.

அவர் படியிறங்கியதும் பன்னிரண்டையும் ஏற்றினேன். பன்னிரண்டு நொடி. சாயங்காலம் அவர் வந்து பேனர் டிசைனைப் பார்த்தார். "சுத்தமா வெட்டியிருக்கீங்க" என்று மனசாரச் சொன்னார். அந்தப் பாராட்டு எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

கார்த்திகையில் அவர் அம்மா இறந்துவிட்டார். அக்கா விடிகாலையிலேயே உப்பிலியபுரம் போய்விட்டார். எட்டு மணிக்கு அவர் தம்பி என்னைக் கூப்பிட்டார். "அக்கா செய்யற நிலைமையில இல்லைங்க. ஊர்க்காரங்க எடுக்கறதுக்குள்ள பேனர் வைக்கணும்ங்கறாங்க. அம்மா படம் அனுப்புறேன், நீங்கதான் செஞ்சு தரணும்" என்றார்.

படம் வந்தது. ஏதோ கல்யாணப் பந்தியில் தண்ணீர்ச் சொம்போடு நிற்கிற ஒல்லியான அம்மாள். இடது தோளை முன்னால் நிற்கிற ஒருவர் மறைத்திருந்தார். இதைக் கையால் வெட்டியிருக்க வேண்டும். வெட்டலாமா என்று யோசித்தேன் என்று எழுதினால் பொய். யோசிக்கவே இல்லை, பழகிய கை ஏற்றிவிட்டது. எடிட்டர் பந்தியைத் தூக்கியது, சொம்பைத் தூக்கியது, மறைந்திருந்த தோளையும் தானாகவே வரைந்து கொடுத்தது. அச்சான பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன்.

ஊர் முகப்பில் கட்டினோம். பாடை புறப்பட்டபோது அக்கா கூட்டத்தோடு அதுவரை வந்தார். பேனரின் முன்னால் நின்றார். அழுது வீங்கிய கண்ணால்கூட அவரால் படிக்காமல் இருக்க முடியவில்லை. காதோரத்தைப் பார்த்தார். பிறகு இடது தோளைப் பார்த்தார்.

"அம்மாவோட இந்தத் தோள் அந்தப் படத்துல இல்லையே தம்பி" என்றார்.

நான் கட்டியிருந்த கயிற்றையே மறுபடி இழுத்துக் கட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெண்களோடு திரும்பி நடந்தார்.

தை பிறந்தது, முகூர்த்தங்கள் வந்தன, அவர் கடைக்கு ஆள் வரவில்லை. சொன்னபடியே காலி செய்தார். கம்ப்யூட்டரை விற்குமுன் இரண்டு நாள் உட்கார்ந்து, அதிலிருந்த படம் ஒன்று விடாமல் அழித்தார். யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். நான் போய் ஒத்தாசை செய்தேன். அவர் போவதில் எனக்கு லாபம்தான், ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பஸ் ஏறும்போது, ஷட்டருக்கு எண்ணெய் விடச்சொல்லி வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள் என்றார்.

அதே வருஷம் ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் காலை, கடை திறந்து விளக்கேற்றும்போது அக்கா வாசலில் நின்றார். இளைத்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். "சோறு போடறா. கொற சொல்லக்கூடாது" என்றார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். வாடகை ஏறிவிட்டதா, வீட்டில் சௌக்கியமா என்று எதையும் விசாரிக்கவில்லை. அப்போதே வேறு ஏதோ விஷயம் என்று புரிந்தது.

"கார்த்திகையில அம்மாவுக்கு வருஷம் திரும்புது" என்றார். "படம் மாட்டிக் கும்பிடணும். படம் இல்ல."

தம்பி போனில் இருந்ததே என்றேன். தம்பி கிணற்று மோட்டாரைக் குனிந்து பார்த்தபோது போன் உள்ளே விழுந்துவிட்டதாம். பதினாறாம் நாளுக்குப் பேனரையே வீட்டுச் சுவரில் மாட்டிக் கும்பிட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் மாட்டுக் கொட்டகை ஒழுகுகிறது என்று தம்பி அதை எடுத்து மேலே போர்த்திவிட்டார். இவர் ஏறிப் பார்த்தபோது பிளெக்ஸ் இருந்தது, முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஆதார் கார்டுல இருக்கறது எங்கம்மாவே இல்ல" என்றார்.

"உங்க கம்ப்யூட்டர்லயும் ஒண்ணு இருந்திருக்குமேக்கா?"

"இருந்துச்சு. தம்பி போன்லேருந்து ஏத்தி வச்சிருந்தேன். விக்கும்போது எல்லாத்தோடயும் அழிச்சிட்டேன். அம்மா அதுல இருக்குன்னு தெரிஞ்சுதான் அழிச்சேன். தம்பிகிட்டத்தான் இருக்கேன்னு..." நிறுத்திக்கொண்டார். பிறகு என் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "உங்ககிட்ட இருக்குமா தம்பி?"

என்னிடம் இல்லை. என் போனும் ஹார்டு டிஸ்க்கும் சின்னவை, நிரம்பினால் பழசையெல்லாம் தள்ளிவிடுவேன். எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கே இருக்கும் என்று தெரிந்துதான் அவரும் வந்திருந்தார். நான் அந்த எடிட்டரைத் திறந்து, இதுவரை ஏற்றியவை என்ற பக்கத்துக்குப் போனேன்.

ஒன்றுகூடப் போகவில்லை. நான் மறந்துபோன முகங்களெல்லாம் அங்கே இருந்தன. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முகங்கள் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டேயிருந்தன. அவருடைய பழைய வாடிக்கையாளர்கள் வந்தார்கள். திருவெள்ளறைக்காரர் தன் பேரனோடு வந்தார். போன வருஷ ஐப்பசிக்குத் தாண்டிவிடக் கூடாதே என்று நான் மெதுவாக நகர்த்தியும், கை ஒரு இடத்தில் கீழே வழுக்கிவிட்டது. துறையூர்த் தாய்மாமன்கள் பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள்.

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அவமானமாக இருந்தது. "கொஞ்சம் மேல போங்க தம்பி. அம்மா அதுக்கப்புறம்" என்றார் அக்கா.

மேலே போனேன். பந்தி இல்லாமல், சொம்பு இல்லாமல், இரண்டு தோளோடு அம்மா இருந்தார். பக்கத்திலேயே வெட்டாத அசல் படமும் இருந்தது. அக்கா அசலைத்தான் கேட்டார். நல்ல தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையில் வைத்தார். பணம் எடுத்தார், நான் வாங்கவில்லை.

"இப்ப அதை அங்கேருந்து அழிச்சிடுங்க தம்பி" என்றார்.

நான் படத்தைத் தொட்டேன். நிரந்தரமாக அழிக்கவா, பிறகு மீட்க முடியாது என்று பெட்டி கேட்டது. உப்பிலியபுரத்துக் கிணறும் ஒழுகுகிற கொட்டகையும் பையில் இருக்கிற ஒற்றைத் தாளும் என் மனசில் ஓடின. நிபந்தனைகளை நான் இன்றுவரை படித்ததில்லை. அந்தப் பெட்டியில் இருந்த இரண்டு வரியை மட்டும் முழுசாகப் படித்தேன். வேண்டாம் என்பதை அழுத்தினேன்.

"அழிச்சாச்சுக்கா" என்றேன்.

திரை அவருக்கு ஒரு முழம் தூரத்தில்தான் இருந்தது. அம்மா அதில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். அக்கா திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தபடி, தன் பழைய கடையின் மூடிய ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க தம்பி. போயிட்டு வரேன்" என்று எழுந்தார்.